பழைய எலெக்ட்ரிக் ஆர்கனோட முதுகை மூடுறது எப்படி – அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம். அப்பா வால்வு ரேடியோவும் மைக் செட் ஆம்ப்ளிபயரும் ரிப்பேர் பாத்தவரு, அந்த வழியில சோல்டரிங் அயர்ன் என் கையிலயும் ஒட்டிக்கிச்சு. வீட்டுல ஒரு ஹாமண்ட் எம்-3 (அமெரிக்காவுல செஞ்ச சின்ன எலெக்ட்ரிக் ஆர்கன்) கிடக்கு, கடக்கரைப் பக்கம் ஒரு வேதக்கோயில்ல கிடக்குற இன்னொண்ணையும் நாந்தான் பாத்துக்கிடுறேன். கொயர்ல பாடுறவங்க, வீட்டுல தாத்தா காலத்து ஆர்கனை வச்சிருக்கிறவங்கன்னு ஆளுக்கு ஆள் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேக்குறாங்க, பின்பக்கம் திறந்து கிடக்கே அதை எதைக் கொண்டு மூடுறதுன்னு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி வாய் வலிக்குது, அதான் இங்க மொத்தமா எழுதிப் போடுறேன்.

பின்னாடி ஏன் திறந்து கிடக்கு? மூடி தொலைஞ்சு போச்சா, இல்ல கம்பெனிக்காரனே அப்படித்தான் விட்டானா?

ரெண்டும் உண்டு. சில மாடலுக்கு ஓட்டை போட்ட ஹார்ட்போர்டு இருந்திருக்கும், அம்பது வருசத்துல நாலு வீடு மாறி நாலு மெக்கானிக் கைபட்டு அது எங்கயோ கோழிக்கூட்டுக்கு கதவாப் போயிருக்கும். ஆனா ஓட்டை போட்டது எதுக்குன்னு யோசிச்சுப் பாருங்க. உள்ள இருக்கிறது வால்வு ஆம்ப்ளிபயர் (வால்வுன்னா டிரான்சிஸ்டருக்கு முந்தின காலத்து, பல்பு மாதிரி எரியுற கண்ணாடிக் குழாய்), அதுல பவர் வால்வும் ரெக்டிபயர் வால்வும் எரியும்போது கண்ணாடியே நூறு டிகிரிக்கு மேல போவும், தொட்டா தோல் உரிஞ்சிரும். அந்தச் சூடு மேல ஏறி வெளிய போகணும், கீழ இருந்து குளுந்த காத்து உள்ள வரணும். இன்னொண்ணு சத்தம். எம்-3 மாதிரி சின்ன ஆர்கன்ல ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளயே இருக்கு, அது முன்னாடி தள்ளுற அளவுக்கு பின்னாடியும் தள்ளும், அந்த பின் சத்தம் சுவத்துல பட்டு வர்றதையும் சேத்துத்தான் நீங்க கேக்குற ஆர்கன் சத்தம். அதனால முதுகு திறந்திருக்கிறது குறை இல்ல, அது மூச்சு விடுற மூக்கு. மூக்கை அடைக்காம முகத்துக்கு துணி கட்டணும், அவ்வளவுதான் வேலை.

அப்ப திறந்தே விட்டுரலாமே?

விட்டுப் பாத்தேன் கேட்டியளா. ஒரு ஆடி மாசம் எலி உள்ள போயி கூடு வச்சுது, பாட்டுப் புத்தகத்துல இருந்து கிழிச்ச தாளும் தேங்கா நாரும் சேத்து நல்ல மெத்தையா வச்சிருந்துது, அதுவும் டிரான்ஸ்பார்மர் பக்கத்துல, ஏன்னா அங்கதான் இளஞ்சூடு. வயரோட துணி உறையை கடிச்சு வச்சதுல ஒரு வாரம் என் தூக்கம் போச்சு. பல்லி அதைவிட மோசம், வால்வு சாக்கெட்டுல ரெண்டு பின்னுக்கு நடுவுல போயி நின்னு தானும் செத்து ரெசிஸ்டரையும் கூட்டிக்கிட்டுப் போயிரும். இது பரவால்ல, செலவோட போயிரும். வேதக்கோயில்ல ஓய்வுநாள் பள்ளி முடிஞ்சதும் பிள்ளைய ஒளிஞ்சு விளையாடுற இடமே ஆர்கனுக்குப் பின்னாடிதான். உள்ள முந்நூறு வோல்ட் சுத்திக்கிட்டுக் கிடக்கு. அன்னைக்கு ஒரு கொச்சுப் பையன் கையை உள்ள விட்டு "இது என்ன மாமா செவப்பா எரியுது"ன்னு கேட்டான் பாருங்க, மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டுட்டேன்.

ப்ளைவுட் வெட்டி ஸ்க்ரூ அடிச்சு முழுசா மூடிட்டா என்ன?

நான் முதல்ல செஞ்ச முட்டாள்தனமே அதுதான். ஆறு மில்லி ப்ளைவுட், நல்லா பாலிஷ் போட்டு, பாக்க அலமாரி மாதிரி அழகா இருந்துது. ஒரு மணிநேரம் வாசிச்சதும் மெழுகு உருகுற வாசனை. பழைய பேப்பர் கெப்பாசிட்டருக்கு மேல மெழுகு பூசியிருப்பான், அது சூட்டுல இளகி வழியுது. சத்தமும் பானைக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆயிட்டு. திறந்த முதுகுக்கு கணக்குப் போட்டு வச்ச ஸ்பீக்கரை நீங்க அடைச்ச பெட்டிக்குள்ள போட்டா பேஸ் வேற மாதிரி ஆயிரும், நல்ல மாதிரி இல்ல. அந்தப் பலகை இப்ப வீட்டுல இஸ்திரி போடுற மேசைக்கு மேல கிடக்கு.

ப்ளைவுட்டே வேணும்னா ஓட்டையா போடுங்க, மேல ஒரு நீளப் பொளப்பும் கீழ ஒரு நீளப் பொளப்பும் ரெண்டு இஞ்சு அகலத்துக்கு விடுங்க, நடுவுலயும் ஸ்பீக்கருக்கு நேர பெருசா வெட்டி வலை அடிங்க. அப்படி வெட்டி வெட்டி மிஞ்சுறது சட்டம் மட்டும்தான், அதுக்கு முதல்லயே சட்டம் செய்றது லாபம்.

சரி, நீங்க என்னதான் போட்டீங்க?

ஒரு இஞ்சு ரீப்பர்ல சட்டம். நடுவுல ஒரு குறுக்குக் கட்டை, இல்லாட்டி துணி தொங்கும். சட்டத்தோட உள்பக்கம் கம்பி வலை, வெளிப்பக்கம் ஸ்பீக்கர் துணி, ரெண்டுக்கும் நடுவுல ரீப்பர் கனத்துக்கு இடைவெளி கிடைக்குது. வலை எலிக்கு, துணி தூசிக்கும் பல்லிக்கும் பாக்குறவங்க கண்ணுக்கும். பழைய ஸ்க்ரூ ஓட்டை எங்க இருக்கோ அதுலயே மாட்டினேன், புதுசா ஒரு ஓட்டை கூட போடல, ஏன்னா நாளைக்கு ஒருத்தர் அசல் நிலைமைக்கு கொண்டு வரணும்னா பெட்டி காயம் இல்லாம இருக்கணும். ஸ்க்ரூ நீளத்தைப் பாத்துக்கிடுங்க, நீள ஸ்க்ரூ உள்ள போயி வயர் கட்டைக் குத்தும். அடிக்கடி திறக்கிறவங்க மேல ரெண்டு திருகுகட்டை, கீழ ரெண்டு வெல்க்ரோ போட்டா போதும். காந்தம் வச்ச கொண்டியெல்லாம் ஹாமண்ட்ல வேண்டாம், காரணம் பின்னாடி வருது.

வால்வுல இருந்து சட்டத்துக்கு குறைஞ்சது நாலு இஞ்சு இடைவெளி விடுறது என் கணக்கு. அவ்வளவு இடம் இல்லன்னா சட்டத்தைப் பின்னால தள்ளி ஒரு பெட்டி மாதிரி கட்டுங்க. ஆர்கனை சுவத்தோட ஒட்டி நிறுத்தாதீங்க, அரை அடியாவது விலகி நிக்கட்டும், நம்ம ஊர் சுவரு மழைக்காலத்துல வேர்க்குறது உங்களுக்கே தெரியும்.

எந்தத் துணி? வீட்டுல பழைய சேலை இருக்கு, வெல்வெட் திரைத்துணியும் இருக்கு.

வெல்வெட் வேண்டவே வேண்டாம், காத்தும் போவாது சத்தமும் போவாது, தூசியை மட்டும் வாங்கி வச்சுக்கிடும். பாலியஸ்டர் சேலை, நைலான் கொசுவலை இதெல்லாம் சூடு பட்டா உருகி ஒட்டும், உருகுன சொட்டு எரிஞ்சுக்கிட்டே விழும். பருத்தி எரியும்தான், ஆனா உருகிச் சொட்டாது. எதுவா இருந்தாலும் வால்வைத் தொடாத தூரத்துல இருக்கணும்ங்கிறதுதான் முக்கியம்.

சோதிக்கிறதுக்கு ஒரு வழி சொல்றேன், கடையில நின்னுக்கிட்டே செய்யலாம். துணியை வாயில ஒட்டி வச்சு ஊதுங்க. கஷ்டப்படாம காத்து மறுபக்கம் போச்சுன்னா சத்தமும் போவும், சூடும் போவும். கன்னம் உப்புச்சுன்னா திருப்பிக் கொடுத்துருங்க. ஸ்பீக்கர் பெட்டி செய்ற கடையில கேட்டா அதுக்குன்னே துணி தருவாங்க, கறுப்பும் காப்பிப்பொடி கலரும் பெரும்பாலும் இருக்கும். இல்லாட்டி நல்ல இழை விட்டு நெய்த பருத்தித் துணி, வேட்டி கூட கொள்ளாம், ஆனா கஞ்சியை அலசிட்டுப் போடுங்க, கஞ்சி இருந்தா கரப்பான் தின்ன வரும்.

கம்பி வலையில என்ன கவனிக்கணும்?

கண்ணளவு. கால் இஞ்சு, அதாவது ஆறு மில்லிக்கு மேல போகாதீங்க, சுண்டெலி அந்த அளவு சந்து கிடைச்சாலே தலையை விட்டு உடம்பையும் கடத்திரும். பல்லிக்குஞ்சு அதுலயும் வரும், அதுக்குத்தான் வெளிய துணி.

ரெண்டாவது, இரும்புத் தூள். இதை யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிருதேன். லாரன்ஸ் ஹாமண்ட் 1934ல பேட்டன்ட் வாங்கி 1935ல விக்க ஆரம்பிச்ச அந்த ஆர்கன்ல சத்தம் எப்படிப் பொறக்குதுன்னா, மோட்டார் சுத்துற ஒரு நீள ஜெனரேட்டர்ல பல்லு வச்ச சின்னச் சின்ன இரும்புச் சக்கரம் வரிசையா சுத்தும், ஒவ்வொரு சக்கரத்துக்கு எதிர ஒரு காந்தமும் சுருளும் இருக்கும். பெரிய மாடல்ல அப்படி 91 சக்கரம். காந்தம்னா இரும்புத் தூள் எங்க கிடந்தாலும் வந்து ஒட்டும், காந்தக் கொண்டி வேண்டாம்னு சொன்னதும் இதனாலதான். ஆர்கன் மேல வச்சே கம்பி வலையை வெட்டி, அரத்துல ராவி, துரு சுரண்டினீங்கன்னா அந்தத் தூள் எங்க போயி உக்காரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வெட்டுறது ராவுறது எல்லாம் முத்தத்துல வச்சு முடிச்சு, துணியால தொடச்சு, அப்புறம்தான் உள்ள கொண்டு வரணும்.

வலை இரும்புதானே, ஷாக் அடிக்காதா?

அடிக்கும், தப்பா மாட்டினா. வலை எந்த இடத்துலயும் உள்ள இருக்கிற சேசிஸ் (ஆம்ப்ளிபயரைத் தாங்குற இரும்புத் தட்டு), வால்வு மூடி, வயர் எதையும் தொடக்கூடாது. மரச்சட்டம் அதுக்குத்தான். அப்புறம் வலைக்கு எர்த் கொடுக்கணும். இங்கதான் சிக்கல், அந்தக் காலத்து அமெரிக்க ஆர்கன்ல ரெண்டு பின் வயர்தான், எர்த்தே கிடையாது. சிலதுல கரண்ட் லைனுக்கும் சேசிசுக்கும் நடுவுல ஒரு சின்ன கெப்பாசிட்டர் வேற இருக்கும், அது ஷார்ட் ஆனா பெட்டியோட இரும்பு முழுக்க கரண்ட். மூடி போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு அந்த கெப்பாசிட்டரைக் கழட்டி, மூணு பின் வயர் போட்டு, சேசிசுக்கும் வலைக்கும் எர்த் இழுத்துருங்க. வேதக்கோயில் போர்டுல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானே அணைக்கிற ஸ்விட்ச்) இல்லன்னா அதையும் கமிட்டியில பேசுங்க. மூடிக்கு ஆகுற செலவைவிட இது கூடத்தான் ஆகும், ஆனா முதல்ல செய்ய வேண்டியது இதுதான், துணி கலரு அப்புறம்.

பிளக்கைப் புடுங்கிட்டுத்தானே மூடி மாட்டுறோம், பயப்பட என்ன இருக்கு?

பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள பெரிய கெப்பாசிட்டர் கரண்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கும், ரொம்ப நேரம் கூட இருக்கும். சட்டத்தை வெளிய இருந்து மாட்டுறதுக்குப் பயமில்ல. உள்ள கை விடணும், தூசி துடைக்கணும், வயரை ஒதுக்கணும்னா வால்வு செட் தெரிஞ்ச மெக்கானிக் மீட்டர் வச்சுப் பாத்து, ரெசிஸ்டர் வழியா கெப்பாசிட்டரை இறக்கிக் கொடுத்ததுக்கு அப்புறம்தான். திருப்புளியை வச்சு ஷார்ட் பண்ணி 'டப்'னு சத்தம் கேட்டுச் சிரிக்கிற ஆளுங்களை நானும் பாத்திருக்கேன், அதைப் பழகாதீங்க.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரை உள்ளயே வச்சு மறைச்சிரலாமா? வெளிய கிடந்தா அசிங்கமா இருக்கு.

வேண்டாம். அதுவே ஒரு அடுப்பு, ஹம் சத்தம் வேற கொண்டு வரும். வெளிய, தரையில இருந்து கொஞ்சம் உசரத்துல, காத்துப் படுற மாதிரி வைங்க. நிறைய பேர் வாங்குறது ஆட்டோ டிரான்ஸ்பார்மர், அது நம்ம 230 வோல்ட்டை அமெரிக்க ஆர்கனுக்கு வேண்டிய 117 ஆக்கும், ஆனா வீட்டு லைன்ல இருந்து பிரிக்காது, அதனால எர்த் விசயத்துல மேல சொன்னது எல்லாம் அப்படியே உங்களுக்கும்தான்.

மூடி போட்டதுக்கு அப்புறம் சுருதி இறங்கின மாதிரி இருக்கு அண்ணே.

மூடிக்கும் சுருதிக்கும் சம்மந்தமே இல்ல. ஹாமண்ட் மோட்டார் கரண்டோட ஹெர்ட்ஸைப் பிடிச்சு ஓடும். 60 ஹெர்ட்சுக்கு செஞ்ச அமெரிக்க ஆர்கனை நம்ம 50 ஹெர்ட்ஸ்ல போட்டா ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடும், 'சி' அமுக்கினா 'ஏ' கேக்கும், வோல்டேஜை மட்டும் மாத்துற டிரான்ஸ்பார்மர் இதைச் சரி பண்ணாது. உங்களோடது 50 ஹெர்ட்ஸ் மாடல்தான், ஆனாலும் இறங்குதுன்னா அன்னைக்கு டீசல் ஜெனரேட்டர்ல ஓட்டினீங்களான்னு நினைச்சுப் பாருங்க. பண்டிகை ராத்திரி டீசல் ஜெனரேட்டர்ல சீரியல் லைட் எல்லாம் ஒண்ணா எரியும்போது 48க்கு இறங்கினா முக்கால் செமிடோன் (அரைச்சுரம்) கிட்ட போயிரும், கொயர்காரங்க ஒருத்தரை ஒருத்தர் முறைப்பாங்க, பாவம் அவங்க மேல தப்பில்ல.

கன்வென்சன் முடிஞ்ச ஃப்ளெக்ஸ் பேனர் நிறைய கிடக்கு, அதை வச்சு மூடலாமே, தண்ணியும் போவாதே?

இதைக் கேக்காத ஊரு கிடையாது. ஃப்ளெக்ஸ் பிளாஸ்டிக், காத்து கொஞ்சம் கூட விடாது. வாசிக்கும்போது அதை மேல போட்டிருந்தா பெட்டி அவிஞ்சு போவும். வாசிக்காதப்ப முழுசா சுத்தி வச்சா உள்ள இருக்கிற ஈரம் வெளிய போக வழியில்லாம பூசணம் பிடிக்கும். ஓட்டுல ஒழுகுதுன்னு மேல் தட்டுக்கு மட்டும் ராத்திரி போடுறீங்களா, போடுங்க, முதுகைத் திறந்து விடுங்க, காலையில ஞாபகமா எடுத்துருங்க. ஓடு மாத்துறதுதான் நிஜமான வைத்தியம்.

எங்க ஊர் குளச்சல். வேற ஏதாவது மாத்தணுமா?

ஆமா, நம்ம மாவட்டம் சின்னது, ஆனா மூணு விதக் காத்து. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம்னு கடக்கரையில உப்புக் காத்து, ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) வலை போட்டா சீக்கிரமே செங்கல் கலருக்கு வந்துரும், துரு உதிர்ந்து உள்ள விழும், காந்தக் கதை மேல சொன்னேன்ல. அங்க எஸ்எஸ் வலை, இல்லாட்டி அலுமினியம், ஸ்க்ரூவும் எஸ்எஸ் இல்ல பித்தளை. அலுமினியத்தை எலி கடிக்கும், அதனால எலி கூடுதல்னா எஸ்எஸ்தான். துணியை மாசம் ஒருக்க கழட்டி நல்ல தண்ணியில அலசுங்க, உப்பு ஏறின துணி ஈரத்தை இழுத்து வச்சிருக்கும்.

குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் காட்டு ஈரம். இங்க உப்பு இல்ல, ஆனா தென்மேற்கும் கொட்டும் வடகிழக்கும் கொட்டும், மர இடுக்குல பூசணம், செதல். சட்டம் தரையைத் தொடாம ஒரு இஞ்சு தூக்கி இருக்கட்டும், செதல் மண்ணு ஏறினா கண்ணுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருக்க அரை மணிநேரம் ஆன் பண்ணி வாசிங்க, வால்வு சூடே உள்ள காய வச்சிரும், அதைவிட நல்ல மருந்து நான் பாக்கல. சிலபேரு காயட்டும்னு உள்ள பல்பு எரிய விடுறாங்க, துணி மூடி இருக்கிற பெட்டிக்குள்ள அது வேண்டாம்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல்னா காத்தாடி சுத்துற ஊரு, அங்க காத்து பஞ்சம் இல்ல, தூசிதான். நெருக்கமா நெய்த துணி போடுங்க, ஊதிப் பாக்குற சோதனையில மட்டும் பாஸ் ஆகணும்.

எங்களோடது டிரான்சிஸ்டர் ஆர்கன். வால்வு இல்லன்னா முழுசா மூடலாமா?

சூடு குறைவு, ஆனா இல்லாம இல்ல. பவர் டிரான்ஸ்பார்மரும், ஹீட் சிங்க்ல (சூட்டை இழுத்து வெளிய விடுற உலோகத் தகடு) நிக்கிற டிரான்சிஸ்டரும் சுடும். ஓட்டை போட்ட ஹார்ட்போர்டு போதும், மேலயும் கீழயும் வழி இருக்கட்டும்.

கீழ மோட்டார் ஃபேன் ஓடி ரீடு பாடுற சின்ன ஆர்கன் இருக்கு பாருங்க, அது வேற சாதி. அதுக்கு பின்னாடியோ அடியிலயோ காத்து இழுக்குற வாய் இருக்கும், அதை அடைச்சா மோட்டார் திணறும், சத்தம் மூச்சு முட்டும். அந்த வாய்க்கு நேர தளர்வான துணி இருந்தா உள்ள இழுத்து ஃபேன்ல சுத்திக்கிடும். அங்க வலை மட்டும் இறுக்கமா அடிங்க.

எலிக்கு விஷம், பூச்சிக்கு பாச்சா உருண்டை உள்ள போட்டா?

விஷம் தின்ன எலி வெளிய போயி சாகும்னு கடைக்காரன் சொல்லுவான், ஆர்கனுக்குள்ள இருக்கிற ஜெனரேட்டருக்கு அடியில போயித்தான் சாகும், அந்த நாத்தத்தோட ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை நடத்திப் பாருங்க. பாச்சா உருண்டை சில பிளாஸ்டிக்கை இளக்கும், கீ எல்லாம் பிளாஸ்டிக், அதனால உள்ள வேண்டாம். எலிப்பொறி ஆர்கனுக்கு வெளிய, ரெண்டு அடி தள்ளி.

மூடி சரியா இருக்குன்னு எப்படி நம்புறது?

மூடி இல்லாம ரெண்டு மணிநேரம் ஓட விட்டு உள்ள மேல்பக்கம் காத்துச் சூடு எவ்வளவுன்னு ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பாருங்க. மறுநாள் அதே நேரத்துல மூடி மாட்டி அதே மாதிரி. அஞ்சு டிகிரிக்கு மேல கூடிச்சுன்னா மேல காத்து போற வழியைப் பெருசாக்குங்க. மெழுகு வாசனை, தார் வாசனை, கருகின வாசனை எது வந்தாலும் வாசிக்கிறதை நிறுத்தி ஸ்விட்சை அணைச்சு பிளக்கைப் புடுங்குங்க, பாட்டு பாதியில நின்னா நின்னுட்டுப் போவுது.

கிறிஸ்மஸ் குடில் ஆர்கன் பக்கத்துலதான் கட்டுவோம்...

வைக்கோல், பஞ்சு, சீரியல் லைட், மெழுகுவர்த்தி, பின்னாடி சூடா ஒரு வால்வு ஆம்ப்ளிபயர். வேற இடம் பாருங்க.

எண்ணெய் விடணும்னா மூடியைக் கழட்டணுமே?

ஆமா, அதனாலதான் ஆணி அடிக்காதீங்கன்னு சொல்றேன். ஹாமண்ட் ஜெனரேட்டருக்கும் மோட்டாருக்கும் வருசம் ஒருக்க, அதுக்குன்னு உள்ள லேசான எண்ணெய்தான், புனல்ல கொஞ்சம் கொஞ்சமா. நம்ம ஊர்ல தேங்கா எண்ணெய் விட்ட ஆர்கனைக் கூட பாத்திருக்கேன், கை வைத்தியம், எண்ணெயை உள்ள கொண்டு போற நூல் எல்லாம் பசையாப் பிடிச்சு மோட்டார் ஸ்டார்ட்டே ஆவல. தையல் மிசின் எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் சொட்டி மூடித் துணியில பட்டா துவைங்க, எண்ணெய்த் துணியும் சூடும் ஒண்ணா இருக்கக் கூடாது.

வாசிக்கும்போது மூடி ஜர்ர்ருன்னு அதிருது.

கீழ் சுரம் வரும்போது மட்டும்னா சட்டம் தளர்ந்திருக்கு. சட்டம் பெட்டியில படுற இடம் சுத்தி ஃபெல்ட் துணி ஒட்டுங்க, பழைய ரப்பர் செருப்பை மெல்லிசா சீவி வச்சாலும் ஆச்சு. அதுக்கும் நிக்கலன்னா கீழ ரிவெர்ப் (எதிரொலி கொடுக்கிற) ஸ்ப்ரிங் பெட்டி இருந்தா அதை சட்டம் தொடுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. என் எம்-3ல ரெண்டு மாசம் தேடின ஜர்ர்ரு கடைசியில மூடியே இல்ல, மேல வச்சிருந்த மணவாழ்த்துக் கண்ணாடி ஃபோட்டோ.